கம்பிப் பதத்தில் காய்ச்சிய ஸ்ட்ரோபெரி ஜாம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் ஒரு மடையன். ஜாம் காய்ச்சத் தெரியாது. ஆனால் மனைவி காய்ச்சிய ஜாமை முப்பது வருடம் பகிடி பண்ணத் தெரிந்திருந்தது.

நுவரெலியாப் பழம் மார்க்கெட்டுக்கு வந்ததும் அவள் ஸ்ட்ரோபெரி ஜாம் காய்ச்சுவாள். இருமல் மருந்து மாதிரி கொஞ்சம் தண்ணீராகத்தான் வரும். வெள்ளவத்தையில் எங்கள் வீட்டுக்கு யார் வந்தாலும் வெட்டிய பாண் துண்டுகளோடு அதை வைப்பாள். நான் போத்தலைத் தூக்கிக் காட்டி, "இருமல் இருக்கிற ஆக்கள் முதல்ல எடுங்கோ" என்பேன். எல்லாரும் சிரிப்பார்கள். அவளும் சிரிக்கிறாள் என்றே நினைத்திருந்தேன். அவள் வேலையிலிருந்து ஓய்வுபெற்ற அன்று, கூட வேலை செய்தவர்களை விருந்துக்கு அழைத்திருந்தாள். அவர்கள் முன்னாலும் அதே இருமல் பகிடிதான். அடுத்த நாள் ஒரு பையோடு கொட்டாஞ்சேனைக்கு, தன் அக்கா வீட்டுக்குப் போனாள். நாலு மாதமாகியும் வரவில்லை.

மன்னிப்புக் கேட்டு எனக்குப் பழக்கமில்லை. அதைவிட ஜாம் காய்ச்சுவது சுலபம் என்று பட்டது. மார்க்கெட்டில் வழமையான பழக்காரன், உங்கட நோனா எங்கே என்று சிங்களத்தில் கேட்டான். கொட்டாஞ்சேனைக்குப் போயிருக்கிறா என்றேன், ஏதோ பின்னேரம் திரும்பிவிடுவாள் போல. அவளுக்கென்று நல்ல பழமாகப் பொறுக்கித் தந்தான்.

காம்பு கிள்ளி, சீனி கொட்டி, தேசிக்காய் பிழிந்து அடுப்பில் ஏற்றினேன். எப்போது இறக்குவது? சீனிப் பாகைப் பற்றி எனக்குத் தெரிந்த ஒரே சங்கதி, எள்ளுருண்டைக்குப் பார்க்கும் கம்பிப் பதம். இரண்டு விரலுக்கு நடுவே கம்பி இழுபடும் வரை விடாமல் கிண்டினேன். விரல் வெந்தது, கம்பியும் வந்தது. போத்தலில் ஊற்றியபோது நிறம் என்னவோ மாணிக்கம்தான். ஆறியதும் கரண்டியை விட்டுப் பார்த்தேன். கரண்டி வளைந்தது.

சட்டியில் ஒட்டியிருந்ததைச் சுரண்டிப் பாணில் வைத்தேன். பாண்தான் கிழிந்தது. பாணில் ஊறவேண்டும் என்றே அவள் பதம் முற்றுமுன் இறக்கியிருக்கிறாள். ஊறிய பாணை, பகிடி சொன்ன வாயாலேயே, வந்தவர்களைவிட இரண்டு துண்டு கூடத் தின்றவன் நான்.

மடியில் போத்தலோடு பஸ்ஸேறிக் கொட்டாஞ்சேனைக்குப் போனேன். கதவைத் திறந்த மச்சாள் என்னைப் பார்த்தா, போத்தலைப் பார்த்தா, தங்கையைக் கூப்பிட்டுவிட்டு உள்ளே போய்விட்டா.

மனைவி போத்தலை வாங்கித் தலைகீழாகக் கவிழ்த்தாள். உள்ளே ஒன்றும் அசையவில்லை. இப்போது நக்கலடிப்பாள், அடிக்கட்டும் என்று காத்திருந்தேன். அவள் அதை மெதுவாக மேசையில் வைத்தாள்.

"நிறம் நல்லா வந்திருக்கு" என்றாள்.

அந்த மரியாதை என்னைக் கொன்றது. பஸ்ஸில் மனப்பாடம் செய்தது எல்லாம் மறந்துபோயிற்று. பகிடி என்று நினைத்துத்தான் சொன்னேன், பிழைதான் என்று ஏதோ உளறினேன். பிறகு, "வீட்ட வாருமன்" என்றேன்.

அவள் என் வெந்த விரலைப் பார்த்தாள். பிறகு என் முகத்தை.

"நான் இஞ்ச நல்லா நித்திரை கொள்ளுறன்."