எண்ணெய் குடித்த படி

பாடாங் செராயில் எங்கள் வாசற்படிக்குச் சாயம் அடிக்க வந்தவரின் பெயரை நான் கேட்கவில்லை. பார்த்த உடனே அவரைப் பிடிக்காமல் போய்விட்டது. ஒல்லியான ஆள், புருவமெல்லாம் வெள்ளைத் தூசி. கல்லைக் கண்டால் விரலை நனைத்து ஒரு சொட்டு நீர் விடுவார். கல் அதைக் குடிக்கிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டே இருப்பார்.

ஞாயிற்றுக்கிழமை என் மகளைப் பெண் பார்க்க வருவதாக இருந்தது. அவர் இரண்டு நாள் படியைச் சோப்புத் தூள் போட்டுத் தேய்த்தார். தினமும் நான் விளக்கு வைக்கும் இரண்டு மூலைகளில் மட்டும் நீர் உருண்டு நின்றது.

"கல்லுக்கு எண்ணெய் ஊட்டி வளத்திருக்கீங்க. இங்க சாயம் நிக்காது. இன்னும் ஒரு வாரம் தேய்க்கணும்."

"பொண்ணு பாக்க ஆளுங்க வர்றாங்கண்ணே. சும்மா மேல அடிச்சு விடுங்கலா."

"அப்ப நீங்களே அடிச்சுக்குங்க."

அந்த இரண்டு எண்ணெய் வட்டங்களையும் விட்டுவிட்டு, மற்ற இடமெல்லாம் சிவப்பு அடித்துவிட்டுப் போனார். படி என்னை முறைப்பது போல் இருந்தது. மிச்சச் சாயத்தை நானே எடுத்து அடித்தேன்.

சனிக்கிழமை, மறந்து வைத்த பிரஷ்ஷை எடுக்க வந்தார். குனிந்து, நான் அடித்த இடத்தை நகத்தால் கீறினார். சாயம் வட்டமாக, அப்பளம் போல் உரிந்து வந்தது. அதை என் உள்ளங்கையில் வைத்தார்.

"மாப்பிள்ளை வீட்டுக்குக் காட்டுங்க."

மறுநாள் அந்த மூலைகளில் பூச்சட்டிகளை வைத்தேன். வந்தவர்கள் பூவைப் பாராட்டினார்கள். கல்யாணமும் முடிந்தது.

சட்டிகளை நகர்த்தும்போதெல்லாம் அவர்மேல் ஆத்திரம் வருகிறது. இப்போது யார் வீட்டுப் படியைப் பார்த்தாலும் ஒரு சொட்டு நீர் விட்டுப் பார்க்கத் தோன்றுகிறது. அதற்கும் சேர்த்துத்தான் ஆத்திரம்.