முப்பத்தெட்டுக்குக் கீழே பதினோரு பேர்

2005 ஏப்ரலில் நான் ஒரு லிஸ்ட் போட்டேன். முப்பது வருஷ வாத்தியார் வேலையில் இன்றும் நான் வெட்கப்படுவது அதற்காகத்தான். புதிதாகக் கணக்கு நடத்த வருகிறவர்களுக்கு அதைச் சொல்லிவிடுகிறேன்.

மரக்காணத்தில் நான் வேலை பார்த்த பள்ளியில், பத்தாம் வகுப்பு ரிசல்ட் குறையக்கூடாது என்று, சுமாராகப் படிக்கிறவர்களை ஒன்பதிலேயே நிறுத்திவிடுவார்கள். "யாரை நிறுத்தலாம்னு கணக்கு மார்க்கை வெச்சு நீயே சொல்லுப்பா" என்றார் ஹெட்மாஸ்டர். எனக்கு அப்போது ஸ்டாட்டிஸ்டிக்ஸ் கிறுக்கு. அறுபத்து நாலு பேர் மார்க்கையும் கால்குலேட்டரில் தட்டினேன். சராசரி 52, திட்ட விலக்கம் 14. மார்க்குகள் நடுவில் ஒரே மேடாக, இயல்நிலைப் பரவலில் இருந்தால், சராசரிக்கு ஒரு திட்ட விலக்கம் கீழே, அதாவது 38க்குக் கீழே, நூற்றுக்குப் பதினாறு பேர் வருவார்கள். எங்கள் வகுப்புக்குப் பத்துப் பேர். எண்ணினால் பதினோரு பேர் இருந்தார்கள். கணக்கு ஒத்துப்போன குஷியில் ஒரு வரைபடம்கூடப் போட்டுப் பார்க்கவில்லை. லிஸ்ட் நோட்டீஸ் போர்டுக்குப் போய்விட்டது.

இரண்டு நாள் கழித்து, லிஸ்டில் இருந்த அஞ்சலையின் அம்மா தனம் வந்தார். உப்பளத்தில் உப்பு வாருகிறவர். வேலையிலிருந்து நேராக வந்திருந்தார், காலெல்லாம் உப்பு வெளுத்திருந்தது.

"பொண்ணு முப்பத்தாறு எடுத்திருக்குது. பாஸ்தானுங்களே சார்?"

"பாஸ்தாம்மா. ஆனா கிளாஸ் சராசரிக்கு ரொம்பக் கீழ இருக்குது."

"நிறுத்திட்டீங்கன்னா அவங்கப்பா அவளை அளத்துக்கே அனுப்பிடுவாரு சார். பரீட்சை அன்னிக்கு என்கூட உப்பு வாரிட்டு பத்தரைக்குத்தான் வந்தா. ஒன்பதரைக்கு வந்தவங்களோட ஒண்ணாப் போட்டுப் பாக்கறீங்களே. எங்க மேஸ்திரிகூட ஒவ்வொரு பாத்தித் தண்ணிக்கும் தனித்தனியாத்தான் உப்பு எத்தனை டிகிரின்னு பாக்கறாரு."

உப்பு சீசனில் அளத்துப் பிள்ளைகள் எப்போது வந்தாலும் பரீட்சை ஹாலுக்குள் விட்டுவிடுவது எங்கள் பள்ளி வழக்கம். அதைப் பெரிய கருணை என்று நினைத்துக்கொண்டிருந்தோம். பன்னிரண்டு மணி அடித்ததும் எல்லோரிடமும் பேப்பரைப் பிடுங்கியதும் நாங்கள்தான்.

அஞ்சலையின் விடைத்தாளை எடுத்துப் பார்த்தேன். போட்ட கணக்கெல்லாம் சரி. கடைசி நாலு பக்கம் வெறும் தாள். அதன்பிறகுதான் படம் போட்டேன். ஒரு மேடு வர வேண்டிய இடத்தில் இரண்டு மேடு வந்தது. ஒன்று 58 பக்கம், இன்னொன்று 31 பக்கம், நடுவில் பள்ளம். பதினோரு பேரில் ஒன்பது பேர் அளத்துப் பிள்ளைகள்.

"ஒட்டின லிஸ்டை எப்படிப்பா எடுக்கறது?" என்றார் ஹெட்மாஸ்டர்.

"தப்பு என்னுது சார். பதினோரு பேருக்கும் மறுபடியும் ஒரு டெஸ்ட் வெச்சுப் பாத்துடலாம். அளத்து வேலை முடிஞ்சு, மத்தியானம் ரெண்டு மணிக்கு."

படத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, "வையி" என்றார்.

அஞ்சலை அறுபத்து மூன்று எடுத்தாள். அவளோடு சேர்த்து எட்டுப் பேர் பத்தாம் வகுப்புக்குப் போனார்கள். தனம் வந்து கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

சராசரி எடுப்பதற்கு முன் படம் போட்டுப் பாருங்கள். இரண்டு மேடு தெரிந்தால், யார் எத்தனை மணிக்கு வந்தார்கள் என்று கேளுங்கள். இதை நான் கற்றுக்கொள்ள ஒரு பையன் விலை கொடுத்தான். அந்த டெஸ்டுக்கு வந்தவர்கள் பத்துப் பேர். பதினோராவது ஆள், அளத்துப் பிள்ளை ஏழுமலை, போர்டில் தன் பெயரைப் பார்த்த மறுநாளே மாமாவோடு சென்னை பஸ் ஏறி, கடை வேலைக்குப் போய்விட்டான். இரண்டு தடவை ஆள் அனுப்பியும் வரவில்லை. அவன் எத்தனை எடுத்திருப்பான் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.