பின்சீட்டின் குளிர்ச்சி

சித்திரை மாதத்தில் ஒரு சாயங்காலம், காரின் பின்கதவைத் திறந்து என் சாப்பாட்டுப் பையை வைத்தேன். கை சீட்டில் பட்டது. சீட் குளிர்ந்திருந்தது. என் கணவர் மேல் எனக்கு முதன்முதலாகச் சந்தேகம் வந்தது அன்றைக்குத்தான்.

இதை யாரிடம் சொன்னாலும் சிரிப்பார்கள். சீட் குளிர்ந்திருந்தால் சந்தோஷப்பட வேண்டியதுதானே என்பார்கள். ஆனால் நான் வேலை பார்ப்பது ஒரகடத்தில், காருக்கு டேஷ்போர்டு செய்யும் கம்பெனியின் டெஸ்டிங் லேபில். பிளாஸ்டிக் பலகைகளைப் பெரிய அடுப்பு மாதிரியான ஒரு பெட்டிக்குள் வைத்து, வெயிலில் நிற்கும் காருக்குள் எவ்வளவு சூடு ஏறுமோ அவ்வளவு சூடு ஏற்றிப் பார்ப்போம். அரபு நாடுகளுக்குப் போகும் கார்களென்றால் இன்னும் கடுமையாக. அதற்குப் பாலைவன டெஸ்ட்டு என்று பெயர் வைத்திருக்கிறோம். நம்ம ஊர் மே மாசத்துக்கு எதற்கு அரபு நாட்டுப் பெயர் என்று லேபில் ஒரு கேலியும் உண்டு. அந்த வேலையில் எனக்கு நன்றாகத் தெரிந்த விஷயம் ஒன்று. ஏசி போட்டால் காருக்குள் காற்று சீக்கிரம் ஆறிவிடும். பலகையும் சீட்டுப் பஞ்சும் அப்படி ஆறாது. பகல் முழுக்கக் குடித்த சூட்டை மெதுவாகத்தான் கக்கும்.

நாங்கள் இருப்பது வாலாஜாபாத்தில். காலையில் அவர் என்னை என் கம்பெனி வாசலில் இறக்கிவிட்டு, ஸ்ரீபெரும்புதூர் பக்கம் அவர் வேலை பார்க்கும் கம்பெனிக்குப் போவார். சாயங்காலம் வந்து அழைத்துக்கொள்வார். கார் செகண்ட் ஹேண்டில் வாங்கியது, கறுப்பு நிறம். அந்த நிறத்தில் வாங்காதே என்று சொல்ல எங்களுக்கு ஆள் இல்லை. அவர் கம்பெனியில் மேனேஜர்களின் கார்களுக்கு மட்டும்தான் ஷெட். மற்ற வண்டியெல்லாம் பொட்டல் வெளியில் நிற்கும். அதனால் போன வருஷமே நாங்கள் சில பழக்கங்களை வைத்துக்கொண்டோம். முன்கண்ணாடிக்கு வெள்ளி நிறத் தடுப்பு. ஸ்டியரிங்குக்கு ஒரு வெள்ளைத் துண்டு. கண்ணாடிகளை விரல் நுழையும் அளவு இறக்கி வைப்பது. ஏறுவதற்கு முன்னால் ஒரு பக்கத்துக் கண்ணாடியை முழுசாக இறக்கிவிட்டு, எதிர்ப்பக்கத்துக் கதவை விசிறி மாதிரி திறந்து திறந்து மூடுவது. அப்படிச் செய்தால் உள்ளே அடைந்து கிடக்கும் அனல் வெளியே போகும். கொஞ்ச தூரம் கண்ணாடியைத் திறந்துவைத்து ஓட்டிவிட்டு அப்புறம்தான் ஏசி. இவ்வளவு செய்தும் பின்சீட் வீடு போய்ச் சேரும்வரை கதகதவென்றுதான் இருக்கும். பையில் இருக்கும் மிச்ச தயிர் சாதம் வழியிலேயே புளித்துவிடும்.

அந்தப் பின்சீட்தான் அன்றைக்கு ஜில்லென்று இருந்தது.

“நிழல்ல வுட்டிருந்தீங்களா?” என்று கேட்டேன்.

“ஆமா. எங்களுக்கும் ஷெட்டு போட்டுட்டாங்க.”

“எப்போ?”

“இப்பத்தான்” என்றார். ரோட்டைப் பார்த்தபடியே சொன்னார்.

ஷெட்டு போட்டிருந்தால் அதை என்னிடம் சொல்லாமல் இருந்திருக்கவே மாட்டார். கேன்டீனில் சாம்பார் மாறினால்கூட வந்து சொல்கிற மனிதர். அதுவும் தவிர, ஷெட்டு நிழலில் நின்ற காரும் இந்த ஊரில் வெதுவெதுப்பாகத்தான் இருக்கும். ஜில்லென்று இருக்காது. பகல் முழுக்க ஏசி ஓடியிருந்தால்தான் அப்படி இருக்கும். ஏசி ஓடியதென்றால் உள்ளே யாரோ இருந்திருக்க வேண்டும்.

மறுநாள் காலை கிளம்பும் முன் நானே அந்த வெள்ளித் தடுப்பைச் சுருட்டி ரப்பர் பேண்டைக் குறுக்காக மாட்டி வைத்தேன். அவர் ஒருநாளும் அப்படி மாட்டமாட்டார், நேராகச் சுற்றிவிடுவார். சாயங்காலம் பார்த்தேன். ரப்பர் பேண்டு குறுக்காகவே இருந்தது. அதற்கு மறுநாளும் அப்படியே. அந்த வாரம் முழுக்க அந்தத் தடுப்பை யாரும் விரிக்கவில்லை.

சந்தேகம் ஒருமுறை வந்துவிட்டால் கண் தானாகவே தேட ஆரம்பித்துவிடுகிறது. பின்சீட்டு இடுக்கில் ஒரு கறுப்பு ஹேர்பின் கிடைத்தது. நான் வைப்பது கிளிப். தரையில் வாடிய மல்லிகை இரண்டு மூன்று. முன்சீட் நான் வைத்த இடத்தில் இல்லாமல் முன்னால் தள்ளியிருந்தது, பின்னால் உட்காருபவருக்குக் கால் நீட்ட இடம் விட்டதுபோல. ஹேர்பின்னை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன்.

“பின்னாடி யாராச்சும் ஏறுனாங்களா?”

“ஃப்ரெண்டு ஒருத்தன் ஏறுனான். ஏன்?”

“சும்மாதான்.”

மல்லிகை வைத்துக்கொள்ளும் ஃப்ரெண்டு. மேற்கொண்டு கேட்டிருந்தால் ஏதோ ஒரு பதில் வந்திருக்கும், அதை நான் நம்பியிருக்க மாட்டேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவருக்கு ஒரு போன் வந்தது. எழுந்து பின்வாசலுக்குப் போனார். துணி காயப்போடும் சாக்கில் நானும் போனேன். “நாளைக்கு அதே எடத்துல நில்லும்மா, வந்துடுறேன்” என்று தணிந்த குரலில் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த ‘ம்மா’ என் காதிலேயே நின்றுவிட்டது. மறுநாள் லேபில் பெட்டியைத் திறக்கும்போது முகத்தில் அடித்த அனல்கூட எனக்கு உறைக்கவில்லை. யாராக இருக்கும் என்று யோசித்தேன். அவர் லைனில் வேலை பார்க்கும் பெண்களை ஆயுத பூஜையின்போது பார்த்திருந்தேன். ஒவ்வொரு முகமாக நினைவுக்குக் கொண்டுவந்து, அந்தத் தலையில் அந்த ஹேர்பின்னைச் செருகிப் பார்த்தேன்.

அவரைப் பின்தொடரவோ அவர் கம்பெனிக்குப் போன் செய்யவோ எனக்குத் துணிச்சல் வரவில்லை. தெரிந்துவிட்டால் அப்புறம் என்ன செய்வது என்ற பயம்தான்.

கடைசியில் அது தானாக வந்து கதவைத் திறந்தது.

ஒரு சாயங்காலம் ஒரகடம் கூட்டுரோட்டில் நுங்கு விற்றுக்கொண்டிருந்தார்கள். வாங்கி வருகிறேன் என்று அவர் இறங்கிப் போனார். ஏசி ஓடிக்கொண்டிருந்தது, நான் முன்சீட்டில் இருந்தேன். பின்கதவு திறந்தது. கம்பெனி யூனிபார்மில் இரண்டு பெண்கள் ஏறி உட்கார்ந்தார்கள். தங்கள் வீட்டுத் திண்ணையில் உட்காருவதுபோல அவ்வளவு சகஜமாக. ஒருத்தி கதவைச் சாத்திக்கொண்டே பேசினாள். திருநெல்வேலிப் பக்கத்துப் பேச்சு.

“அண்ணே, நல்லவேள நின்னிய. இன்னைக்கு ஓவர்டைம் முடிஞ்சி வர நேரமாயிட்டு. வெளிய என்னா வெக்க...”

டிரைவர் சீட் காலியாக இருந்ததை அப்போதுதான் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள்.

“நீங்க யாருக்கா?” என்றாள்.

அந்தக் கேள்வியை நான் கேட்டிருக்க வேண்டும். “இது என் வூட்டுக்காரர் வண்டி” என்றேன்.

“அப்ப மதினியா!” என்று அவள் முகம் மலர்ந்தது. “நாங்க தெனமும் மத்தியானம் ஷிப்டு முடிஞ்சி இந்த வண்டியிலதான் மதினி ஹாஸ்டலுக்குப் போவோம். சிங்கப்பெருமாள் கோவில்ல. ஷேர் ஆட்டோல அடைச்சிக்கிட்டு போயிப் போயி இவளுக்கு மயக்கமே வந்துட்டு. அண்ணன் வண்டின்னா ஏசி இருக்கும்லா.”

பக்கத்தில் இருந்தவள் தலையை ஆட்டினாள். அவள் தலையில் மல்லிகை இருந்தது.

“தெனமுமா?” என்றேன்.

“பங்குனி மாசத்துலருந்து. அண்ணன் காலையிலயும் ஆள் ஏத்துவாவ. முழுநேரமும் வண்டிதான ஓட்டுதாவ?”

நுங்கை ஓலையில் பொதிந்து எடுத்துக்கொண்டு அவர் வந்தார். கதவைத் திறந்தவர் அப்படியே நின்றார். பின்னால் இருந்தவர்களைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அந்தப் பெண்களுக்கு எதுவோ சரியில்லை என்று புரிந்துவிட்டது. “நாங்க ஆட்டோல போயிக்கிடுதோம்ணே” என்று இறங்கப் பார்த்தார்கள்.

“உக்காருங்க” என்றேன். “கொண்டுபோய் வுட்டுட்டே போலாம்.”

ஹாஸ்டல் வாசலில் இறங்கும்போது அந்தத் திருநெல்வேலிப் பெண் என் ஜன்னல் பக்கம் வந்து, “ஏசாதிய மதினி, அண்ணன் தங்கமான ஆளு” என்றாள். எனக்கு அவள் மேலும் கோபம் வந்தது.

திரும்பி வரும் வழியில் ஓர் ஏரிக்கரை மரத்தடியில் வண்டியை நிறுத்தினார். அவர் சொல்வதற்காகக் காத்திருந்தேன்.

“மாசி மாசமே காண்ட்ராக்ட்ட முடிச்சிட்டாங்க” என்றார். “எங்க லைனே இப்ப இல்ல.”

“அப்புறம் தெனமும் காலைல எங்க போனீங்க?”

“மொத கொஞ்ச நாள் இங்கதான். இந்த மரத்தடிலதான் உக்காந்துகினு இருந்தேன். வெயில் ஏற ஏற உள்ள உக்கார முடியல. ஒருநாள் ரோட்டுல ஒரு பொண்ணு, வாயும் வயிறுமா, ஆட்டோ கெடைக்காம நின்னுகினு இருந்துச்சி. ஏத்திகினு போய் வுட்டேன். மறுநாளும் கூப்ட்டுச்சி. அப்புறம் இந்தப் பொண்ணுங்க. உள்ள சில்லுனு இருந்தாதான் ஏறுவாங்க, அதான் ஏசிய நிறுத்தறதே இல்ல. அதுல வந்த காசத்தான் சம்பளம்னு உன்கிட்ட குடுத்துகினு இருந்தேன்.”

“என்கிட்ட ஏன் சொல்லல?”

கொஞ்ச நேரம் ஸ்டியரிங்கைத் தடவிக்கொண்டிருந்தார். “வேற வேல கெடச்சதும் சேத்து சொல்லிக்கலாம்னு இருந்தேன்” என்றார். “நீ கண்டுபுடிச்சிடுவன்னு தெரியும். தெனமும் நீ ஏறும்போது இன்னிக்குக் கேப்பா, இன்னிக்குக் கேப்பான்னு பாத்துகினு இருந்தேன்.”

பையைத் துழாவி அந்த ஹேர்பின்னை எடுத்து டேஷ்போர்டின் மேல் வைத்தேன். அவர் அதைப் பார்த்தார். நான் இத்தனை நாள் என்ன நினைத்துக்கொண்டிருந்தேன் என்பது அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் அவர் முகம் கோணிக்கொண்டது. எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. வேறொருத்தி இருந்திருந்தால் சண்டை போட ஒரு ஆள் கிடைத்திருப்பாள். இங்கே எதிரில் இருந்தது வேலை போன ஒரு மனிதர். அத்தனை நாளும் காலையில் சட்டையை இஸ்திரி போட்டு, ஐடி கார்டைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு என்னோடு கிளம்பியவர். அந்த ஐடி கார்டை நினைத்தபோதுதான் அழுகை வந்தது. வீட்டுக்கு வந்தும் அதை வைத்தே சண்டை போட்டேன்.

அடுத்த பல நாட்கள் நான் அவரைக் குடைந்துகொண்டே இருந்தேன். அன்றைக்கு மழை பெய்ததே, அன்றைக்கு எங்கே இருந்தீர்கள்? பங்குனி உத்திரத்தன்று? கேன்டீனில் பொங்கல் போட்டார்கள் என்றீர்களே, அதுவும் கதையா? அது மட்டும் கதை என்று ஒப்புக்கொண்டார். மற்றதெல்லாம் நான் கேட்கக் கேட்க ஒன்றோடொன்று பொருந்தியது. பொருந்துவதே எனக்குச் சந்தேகமாக இருந்தது.

சொந்த உபயோகத்துக்கான காரில் ஆள் ஏற்றி ஓட்டினால் என்றைக்காவது பிடிப்பார்கள் என்று நான் அரித்ததில் ஆனி மாதத்தோடு அதை நிறுத்தினார். ஷிப்டு ஆட்களை ஏற்றி இறக்கும் ஒரு டிராவல்ஸில் டிரைவராகச் சேர்ந்துவிட்டார். காரை இப்போது நான் ஓட்டுகிறேன். அந்தத் திருநெல்வேலிப் பெண் எப்போதாவது எனக்குப் போன் செய்வாள். ஊரில் தம்பிக்குக் கல்யாணம் என்று ஒருமுறை பேசினாள்.

அவர் இப்போதெல்லாம் எதையும் மறைப்பதில்லை. ராத்திரி சாப்பிட உட்கார்ந்ததும், முதல் டிரிப் எங்கே போனது, டயர் எங்கே பஞ்சர் ஆனது, எந்தச் சூப்பர்வைசர் வண்டிக்குள் குறட்டை விட்டார் என்று நான் கேட்காமலே எல்லாவற்றையும் சொல்கிறார். நானும் இன்னொரு கரண்டி சாதம் போட்டுக்கொண்டே கேட்கிறேன். இந்த மனிதர் எதற்கு இவ்வளவு சொல்கிறார் என்று உள்ளே ஒரு பக்கம் ஓடிக்கொண்டேதான் இருக்கிறது.