வேர் விடாத வேப்பங்கொம்புகள்

ஓசூரில் நான் வேலை பார்க்கும் தொழிற்சாலையில் கேண்டீன், வண்டிகள், துப்புரவு, தோட்டம் ஆகியவை என் பொறுப்பு. போன மழைக்காலத் தொடக்கத்தில், புதிதாக வந்த மேலாளர் என்னைக் கூப்பிட்டுப் பின்பக்கக் காலியிடம் முழுக்க மரம் வைக்கச் சொன்னார். நாற்று வாங்கலாம் என்றேன்.

"எதுக்கு வாங்கணும்? நம்ம வாசல்லயே வேம்பு இருக்கு, மகிழம் இருக்கு, பூவரசு இருக்கு. கொம்ப வெட்டி நடுங்க. வீடியோல பார்த்தேன், எல்லாமே வேர் விடுது."

தோட்டவேலை பார்க்கும் அம்மா பக்கத்திலிருக்கும் தளி ஊர்க்காரர். வீட்டில் தெலுங்கு, எங்களோடு தமிழ். இருவருமாகக் கொம்புகளை வெட்டிப் பைகளில் நட்டு, நிழல்வலை கட்டித் தண்ணீர் தெளித்தோம்.

பூவரசு துளிர்த்தது. வேம்பும் துளிர்த்ததுதான் கொடுமை. மேலாளர் படம் எடுத்துத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டார். பிறகு வேப்பந்தளிர் சுருண்டு கருகியது. பிடுங்கிப் பார்த்தால் அடியில் ஒரு வேர்கூட இல்லை. கொம்பில் மிச்சமிருந்த சத்தில் துளிர்த்திருக்கிறது, அவ்வளவுதான். மகிழம் துளிர்க்கவே இல்லை.

"ஒரே மண்ணு, ஒரே தண்ணி. ஒண்ணு வருது, இன்னொண்ணு வரலைன்னா உங்க மெயின்டனன்ஸ் சரியில்ல" என்றார் மேலாளர். மறுபடி நட்டோம். மறுபடி கருகியது. அந்த அம்மாவை எல்லார் முன்னாலும் அவர் திட்டியபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்ததும் தளி சாலையில் நர்சரி நடத்தும் ஒரு பெண்மணியிடம் போய்க் கேட்டேன்.

"சில மரத்துக்குத் தோலுக்கடியிலயே வேர் மொட்டு இருக்குங்க. சிலது வெட்டுன எடத்துல சீக்கிரம் உண்டாக்கிக்கும். பூவரசு லேசுல புடிச்சிக்கும். வேம்பும் மகிழமும் அப்படியில்ல, வேர் விடறதுக்குள்ள கொம்பே செத்துரும். அதுலயும் நீங்க வெட்டுனது முத்துன மரம். இளங்கன்னுல எடுத்து வேர் மருந்து தொட்டு வெச்சா கொஞ்சம் தேறும். வேம்புக்கு எதுக்குங்க இந்தப் பாடு? புதுசா விழுந்த கொட்டையப் போட்டாலே மொளைக்குமே."

கொட்டை போடலாமென்றால் வேப்பம்பழம் உதிரும் காலம் கடந்துவிட்டிருந்தது. திங்கட்கிழமை மேலாளரிடம் எல்லாவற்றையும் விளக்கினேன். கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல், "இதெல்லாம் ரிப்போர்ட்ல எப்படிங்க போடறது?" என்றார். கடைசியில் காலியிடம் முழுக்கப் பூவரசையே நட்டோம்.

அவை இடுப்பளவு வளர்ந்தபோது அவருக்கு மாற்றல் வந்தது. அடுத்து வந்தவர் தோட்டத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏங்க எல்லாமே ஒரே மரமா இருக்கு? அதோ அவ்ளோ பெரிய வேப்பமரம் நிக்குதே, நாலு கொம்பு ஒடிச்சி வெச்சிருக்கலாமே?"

முதலிலிருந்து சொல்ல வேண்டுமே என்று நினைத்தபோதே எனக்கு அலுத்துவிட்டது. "வெக்கிறோம் சார்" என்றேன். பக்கத்தில் நின்ற தோட்டக்கார அம்மா என்னை ஒரு முறை முறைத்தார். புது மேலாளர் நகர்ந்ததும் அரிவாளை என் கையில் கொடுத்தார்.