பொட்டு வைத்த சாளை

தூண்டில் முள்ளில் வெள்ளைச் சேவல் இறகைக் கட்டி, சரிகை சுற்றியாகிவிட்டது. பொய்ச் சாளைமீனுக்குக் கண்தான் பாக்கி. விடிந்தால் தூத்துக்குடிக் கடலில் நிற்க வேண்டும். தென்காசியில் மீன்கண்ணுக்கு எங்கே போக? குளியலறைக் கண்ணாடியில் ஒட்டியிருந்த என் கருப்பு ஸ்டிக்கர் பொட்டுகள் இரண்டையும் பிய்த்தேன். விரலில் பசை பட்டதும் எனக்கு எட்டு வயதாகிவிட்டது.

அப்பா தூத்துக்குடியில் போலீஸ். லீவில் வந்தவர் இப்படித்தான் ஒரு சாளையைக் கட்டி, கண் வைக்க அம்மாவிடம் பொட்டு கேட்டார். அம்மா சாளையை வாங்கி, அதன் நெற்றி நடுவில் ஒரு பொட்டை ஒட்டிவிட்டாள்.

"ஏட்டி, கண்ணு ரெண்டு பக்கமும்லா இருக்கணும்!"

"பொட்டுன்னா நெத்தியிலதான். அத எடுக்காதீய, ஆகாது."

அப்பா பக்கத்துக்கொன்று ஒட்டி, மேலே நெயில்பாலிஷ் பூசினார். நெற்றிப் பொட்டைத் தொடவில்லை.

மறுநாள் எங்களைக் கடற்கரைக்குக் கூட்டிப்போனார். கல்மேல் நின்று வீசி வீசி இழுத்தார். திடீரென்று தூண்டில் நரம்பு விறைத்தது, அப்பா சறுக்கினார். "புடிட்டி என்னய!" நான் அவர் இடுப்பைக் கட்டிக்கொண்டு கத்தினேன். என் கை நீளத்துக்கு ஒரு பாரைமீன் வெயிலில் துள்ளி விழுந்தது. அதன் வாய்க்குள் அம்மா வைத்த பொட்டு!

இப்போது கண்களை ஒட்டிவிட்டு அம்மாவுக்குப் போன் போட்டேன்.

"சாளை கட்டிட்டேம்மா! காலையில கடலுக்குப் போறேன்."

"கண்ணு வச்சியாட்டி?"

"ரெண்டு பக்கமும் வச்சாச்சு."

"அப்ப நெத்தி?"

கண்ணாடியில் வேறு பொட்டு இல்லை. என் நெற்றியில் இருந்ததை எடுத்து ஒட்டினேன்.