தலையாட்டக் கூடாது

"தலையை ஆட்டாதீங்கன்னா ஆட்டாதீங்க. காது போச்சுன்னா ஒட்ட வைக்க எங்கிட்ட பசை இல்லை."

இதைச் சொல்லும்போதும் சீட்டக்காவின் கத்தரிக்கோல் நிற்பதில்லை. கழுத்துவரை துணி போர்த்திய வாடிக்கையாளர், கண்ணாடிக்குக் கீழே பலகையில் கவிழ்ந்து கிடக்கும் மூன்று சீட்டுகளைப் பார்த்தபடி மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பார். முடி வெட்டும்போது மட்டும்தான் அவள் சீட்டுப் பார்ப்பாள். சும்மா உட்கார வைத்துச் சொன்னால் எல்லாரும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டிவிட்டு, வெளியே போய் ஏற்கெனவே நினைத்ததையே செய்கிறார்கள். அதில்தான் அவளுக்கு ஆத்திரம்.

சீட்டுகள் அவளே செய்தவை. முடிச்சாயம் வரும் பெட்டிகளின் அட்டையை வெட்டி, பின்பக்கம் கறுப்பு மையால் வரைந்திருக்கிறாள். ராஜா கிடையாது, ராணி கிடையாது, நிலா நட்சத்திரம் எதுவும் கிடையாது. ஒற்றைச் செருப்பு, குடை, காலி நாற்காலி, தீய்ந்த பாத்திரம், யாரோ ஒருவரின் முதுகு, திறந்த கதவு. "ராஜாவை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது? அவரு இங்க முடி வெட்டிக்கவா வரப்போறாரு?"

மூன்றையும் கேட்பவர்தான் திருப்ப வேண்டும். முதல் சீட்டு ஆசைச் சீட்டு. அவர் எதைக் கேட்க ஆசைப்பட்டு வந்தாரோ, அது. அதற்கு அவள் பொருள் சொல்ல மாட்டாள். வெடுக்கென்று கவிழ்த்து மேலே சீப்பை வைத்துவிடுவாள். இரண்டாவது, மற்றவர்கள் அவரை எப்படிப் பார்க்கிறார்கள் என்பது. மூன்றாவதுதான் நடக்கப்போவது. சீட்டு தலைகீழாக வந்தால் பொருள் மாறுமா என்று ஒருவர் கேட்டார். "சீட்டு நேராத்தான் இருக்கு, நீங்கதான் தலைகீழா இருக்கீங்க" என்றாள். இன்னொரு முறை எடுக்கிறேன் என்று கெஞ்சுபவர்களைக் கண்டால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். "இது என்ன துணிக்கடையா, இது வேணாம், அதை எடுத்துப் போடுங்கன்னு சொல்ல?"

வந்த சீட்டை அவள் மாற்றிச் சொன்னதே இல்லை. இது அந்தத் தெருவுக்கே தெரியும். அவள் தங்கைக்கு இன்னும் நன்றாகத் தெரியும்.

தங்கை போன மாதம் புருஷன் வீட்டிலிருந்து ஒரே ஒரு பையோடு வந்து நின்றாள். தலையில் வலது பக்கம் கொத்தாக முடி இல்லை. அவளை இதே நாற்காலியில் உட்கார வைத்து, மிச்ச முடியையும் ஒட்ட வெட்டிச் சமன் செய்தாள் சீட்டக்கா. "எத்தனையோ தலையைப் பாத்துட்டேன். பிடுங்கின தலையை வெட்டினது அன்னிக்குத்தான்" என்று இப்போதும் சொல்வாள். கடையின் பின்கட்டில், திரைக்கு அந்தப் பக்கம்தான் தங்கை இருக்கிறாள். காலையில் எழுந்ததும் ஒரே பாட்டு: "நான் திரும்பிப் போகணுமான்னு ஒரு சீட்டுப் பாரேன்க்கா. அது என்ன சொல்லுதோ அதைச் செய்யறேன்." சீட்டக்கா ஒரே பதிலைத்தான் சொல்வாள்: "உனக்குச் சீட்டு கிடையாது. சாப்பிடு." மூன்றாவது சீட்டு போகச் சொல்லிவிட்டால்? எங்கே இவள் அதைப் பிடித்துக்கொண்டு கிளம்பிவிடுவாளோ என்ற பயம்.

நேற்று மத்தியானம் தங்கை புருஷனே வந்துவிட்டான். சலவைச் சட்டை, வாசனை, வாயெல்லாம் பல். அழைக்காமலே நாற்காலியில் உட்கார்ந்தான்.

"முடி வெட்டிக்கலாம்னு வந்தேன் அண்ணி. அப்படியே என் பொண்டாட்டி எப்ப வருவான்னு ஒரு சீட்டும் பாத்துடுங்க."

திரைக்குக் கேட்கும்படி, இழுத்து இழுத்துச் சொன்னான். சீட்டை வைத்தே அவளை வெளியே இழுக்கலாம் என்ற கணக்கு. கேட்டபோதே அவனைக் கழுத்தைப் பிடித்துத் தள்ளியிருக்க வேண்டும். ஆனால் முடி வெட்டிக்கொள்ள யார் உட்கார்ந்து கேட்டாலும் பார்ப்பது என்று அவளே வைத்த சட்டம் அவள் கையைக் கட்டியது. பல்லைக் கடித்துக்கொண்டு துணியைப் போர்த்தி வெட்ட ஆரம்பித்தாள்.

முதல் சீட்டு குடை. கவிழ்த்தாள். இரண்டாவது முதுகு. "உங்க மூஞ்சியைப் பாக்கவே யாருக்கும் பிடிக்கலை" என்றாள். அவன் சிரித்தான். மூன்றாவதைத் திருப்பினான்.

திறந்த கதவு.

"போனவங்க வருவாங்க! இதானே அண்ணி அர்த்தம்? தெருவுல சின்னப் பசங்களுக்குக்கூடத் தெரியுமே. வாயைத் திறந்து சொல்லுங்க."

பாதி வெட்டிய தலைக்கு மேல் கத்தரிக்கோல் நின்றது. அவன்மேல் கோபம். அந்த அட்டைமேல் கோபம். அதை வரைந்த தன்மேலும் கோபம். எத்தனை பேரிடம் மெய்யைச் சொல்லிச் சொல்லித் திட்டியிருக்கிறாள்! இந்த ஒரு முறை மட்டும் ஒரு பொய்யைச் சொல்லித் தொலைத்தால் என்ன?

"வருவான்னுதான் சீட்டு சொல்லுது" என்றாள். குரல் கடை முழுக்கக் கேட்டது. "மாத்திச் சொல்ல மாட்டேன். ஆனா நான் விட மாட்டேன். சீட்டு என்ன பெரிய சீட்டு? என் கையால கிறுக்கின அட்டை. எந்திரிடா!"

துணியை உருவினாள். ஒரு பக்கம் ஒட்ட வெட்டியும் மறுபக்கம் அடர்ந்தும் இருந்த தலையோடு அவன் எழுந்திருக்காமல் இருந்தான். திரை விலகியது. தங்கை வெளியே வந்தாள்.

"பாத்தீங்களா? வந்துட்டா" என்றான் அவன்.

தங்கை அவன் முகத்தைப் பார்க்கவில்லை. மூலையில் இருந்த துடைப்பத்தை எடுத்தாள். நாற்காலியைச் சுற்றிக் கிடந்த அவன் முடியைக் கூட்ட ஆரம்பித்தாள். அவன் காலைத் தூக்கட்டும் என்று காத்திருக்கவில்லை. செருப்பு, பாதம் எல்லாவற்றின்மேலும் சேர்த்து, வாசலை நோக்கிப் பெருக்கினாள்.