கிட்டங்கிக்குள் புகுந்த காளை

போன வருடம் ஆனி மாதம், முத்தையாபுரத்தை அடுத்து, உப்பு மூட்டைகளை அடுக்கிவைக்கும் ஒரு கிட்டங்கியில் நடந்தது இது. என் கணவர் அங்கே மேற்பார்வையாளர். அன்று மதியம் அவருக்குச் சாப்பாடு கொண்டுபோயிருந்தேன்.

என்னைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். திருமணத்துக்கு முன் மதுரையில் ஓர் ஆய்வகத்தில் இரண்டு வருடம் இருந்தேன். எலிகளின் மூளைக்குள் மயிரிழை போன்ற கம்பியைப் பொருத்தி, மிகச் சிறிய அளவு மின்சாரம் செலுத்தி, பயமும் ஆவேசமும் எங்கிருந்து கிளம்புகின்றன என்று பார்க்கும் ஆய்வு. கல்யாணத்தோடு பாதியில் விட்டேன். ‘எலிக்குக் கரண்டு குடுத்தவ’ என்று வீட்டில் கேலி செய்வார்கள். நானும் சிரித்துவைப்பேன். உள்ளுக்குள் வலிக்கும்.

ஒரு காட்சியை மட்டும் மறக்கவே முடியவில்லை. அதே எலி, அதே அளவு மின்சாரம். கூண்டு திறந்திருந்தால் ஓடிவிடும். மூடிவிட்டு முன்னால் கையை நீட்டினால் பாய்ந்து கடிக்கும். நானே கடி வாங்கியிருக்கிறேன்.

அன்று கிட்டங்கியை நெருங்கும்போதே கூச்சல் கேட்டது. லாரி ஹாரனில் மிரண்ட காளை ஒன்று உள்ளே புகுந்துவிட்டது. மூட்டை தைக்கும் பெண்கள் இரண்டு பேர், உள்ளே மூட்டை அடுக்குக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டிருந்தார்கள். இருப்பதோ ஒரே வாசல். அதில் சுமை தூக்கும் ஆட்கள் ஏழெட்டுப் பேர் கம்புகளோடு நின்று கத்திக்கொண்டிருந்தார்கள். இவர்கள் கத்தக் கத்த, காளை திரும்பித் திரும்பி அடுக்கை முட்டியது. கிழிந்த சாக்குகளிலிருந்து உப்பு கொட்டியது. அடுக்கு சரிந்தால் அந்தப் பெண்கள் மேல்தான் விழும்.

ஆட்களில் மூத்தவரிடம் போனேன். “அண்ணாச்சி, எல்லாரும் வாசல விட்டு வெலகுங்க.”

“வெலகுனா வெளிய வந்து குத்திரும்லா?”

“அது வெளிய போகத்தான் பாக்குது. நீங்க வழிய மறிச்சிக்கிட்டு நிக்கீங்க.”

கணவர் என் கையைப் பிடித்து இழுத்தார். “நீ சும்மா இரு. இது எலி இல்ல.”

அவர் சொன்னதும் சரிதான். எலியிடம் பார்த்ததை நம்பி இரண்டு உயிர்களோடு விளையாடுகிறேனோ என்று எனக்கும் பயம்தான். ஆனால் அடுக்கு மறுபடி ஆடியதும் கையை உதறிக்கொண்டு போய், முன்னால் நின்றவரின் கம்பை வாங்கிக் கீழே போட்டேன். “ரெண்டு பக்கமும் செவரோட ஒதுங்குங்க. யாரும் பேசாதீங்க.”

மூத்தவர் தன் கம்பையும் கீழே போட்டார். பிறகு, “ஏலே, இந்தப் புள்ள சொல்லுததக் கேளுங்கல” என்றார்.

எல்லோரும் ஒதுங்கினார்கள். உள்ளே ஒருத்தி, “ஏளா, அழாத, சத்தம் போடாத” என்று மற்றவளை அடக்கும் குரல் மட்டும் கேட்டது.

காளை நின்றது. விலா ஏறி இறங்கியது. திறந்து கிடந்த வாசலைப் பார்த்தது. அப்புறம் எங்களில் ஒருவரைக்கூடத் திரும்பிப் பார்க்காமல் ஒரே ஓட்டமாக வெளியேறி, உப்பளத்துக்கு அப்பால் உடைமரங்களுக்குள் போய்விட்டது.

இரண்டு பெண்களும் கீறல்கூட இல்லாமல் வந்தார்கள். சின்னவள் மேலெல்லாம் உப்போடு என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். ஆட்கள் கைதட்டினார்கள்.

“எப்படித் தாயி தெரிஞ்சிச்சு?” என்று மூத்தவர் கேட்டார்.

நான் வாயைத் திறக்கும் முன் கணவர் சொன்னார்: “அவ இதப் படிச்சவ, அண்ணாச்சி.”

என் வாழ்க்கையில் எந்தப் பட்டமும் எனக்கு அவ்வளவு சந்தோஷம் தந்ததில்லை. அன்றிலிருந்து, யாராவது என்மேல் சீறி விழுந்தால், அவர் வெளியேற வேண்டிய வழியில் நான் நிற்கிறேனா என்றுதான் முதலில் பார்க்கிறேன்.